“நீ யாருடைய ஆள்?”: கொழும்பு சைட்டில் சம்பளம் கேட்டவர்களுக்கு நடந்தது

கொழும்புக்குக் கட்டட சைட் வேலைக்கு வருகிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, “நாளுக்கு எவ்வளவு கிடைக்கும் அண்ணே?” நான் திருப்பிக் கேட்பது, “நீ யாருடைய ஆள்?” பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. பாஸ், அதாவது வேலையில் தேர்ந்த மேஸ்திரி, கூட்டி வந்தார் என்பார்கள். அந்த பாஸ் யாருக்கு வேலை செய்கிறார்? ஒரு சப்புக்கு, அதாவது துணை ஒப்பந்தக்காரருக்கு. அந்த சப்? பெரிய கம்பனிக்கு. கம்பனியின் பெயர் பையன் போட்டிருக்கிற ஹெல்மட்டிலேயே ஒட்டியிருக்கும். சம்பளம் நின்றுபோன பிறகு அதே கம்பனி ஒபிஸில் போய்க் கேட்டால், “இவர் எங்கள் ஆள் இல்லையே” என்பார்கள். சப்பிடம் போனால், “பில் பாஸ் ஆகல்ல, நான் என்ன செய்ய?” என்பார். பாஸ் ஃபோனை எடுக்கவே மாட்டார்.

எங்கள் சம்பளம் காணாமல் போனது இந்த மூன்று பேருக்கு நடுவில்தான்.

நான் கம்பி கட்டுகிறவன். ஊர் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். அங்கே யார் யாருடைய ஆள் என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பேர் இருக்கும். முழுநாளுக்கான முழுப்பேரா, அரைநாளுக்கான அரைப்பேரா, கொழுந்து எத்தனை கிலோ, சம்பளம் எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஒரு மனுஷன் மாதக்கணக்கில் வேலை செய்தும் எந்தப் புத்தகத்திலும் அவன் பேர் இல்லாமல் இருக்க முடியும் என்பதைக் கொழும்பில்தான் பார்த்தேன்.

நான் சொல்லப்போகும் சைட், கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக எழும்பிய ஒரு அடுக்குமாடி. கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கம்பனியின் பிரச்சினை என்று படிக்கிறவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். வெள்ளவத்தையிலும் ராஜகிரியவிலும் இதே கதையைச் சொல்லும் ஆட்கள் எனக்குத் தெரியும்.

சம்பளம் தரமாட்டோம் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். பேச்சு என்னவென்றால் பாஸ்மாருக்கு நாளுக்கு 4,500, கையாளுக்கு 3,000. சனிக்கிழமை செலவுக்கு அட்வான்ஸ், மாதம் முடியக் கணக்கு. முதல் மாதம் கணக்கு சுத்தமாக வந்தது. அடுத்த மாதம் “ஒரு கிழமை பொறுங்க” ஆனது. அதற்குப் பிறகு அட்வான்ஸ் மட்டும்தான், அதுவும் ஆளுக்கு ஒரு தொகை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாததால் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தோம். நிலுவை ஏற ஏற வேலையை விட்டுப் போகவும் முடியவில்லை. போனால் அந்தக் காசு போச்சு என்று எல்லோருக்கும் தெரியும். கம்பனிக்கும் தெரியும்.

இது பெரிய களவு. சின்னச் சின்னதாகப் போனதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஸ்லாப் போடுகிற நாளில், பகல் நெரிசலில் கொங்கிரீட் லொறி வந்து சேராது என்று இரவில்தான் ஊற்றுவார்கள். ஊற்றும்போது கம்பி விலகினால் சரிசெய்ய எங்களில் இரண்டு பேராவது கூடவே நிற்க வேண்டும். விடிய விடிய நின்றால் அரைநாள் போடுவார்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு மணிக்கூலியைப் போல ஒன்றரை மடங்கு. போயா என்ற பௌர்ணமி விடுமுறையில் வேலை வாங்கினாலும் அன்றைய கூலியைப் போல ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் விடுமுறை நாட்கள் சட்டம் சொல்கிறது. எங்கள் சைட்டில் போயாவுக்கு இருந்த ஒரே வித்தியாசம், அன்றைக்குச் சாராயக்கடை பூட்டு. இதற்கு மேல் பூட்ஸுக்கு வெட்டு, ஹெல்மட்டுக்கு வெட்டு, தங்கியிருந்த தகர வாடிக்கு வெட்டு. ஒரு வெட்டுக்கும் எங்களிடம் சம்மதம் கேட்கவில்லை, சீட்டும் இல்லை.

ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) விஷயம் எங்களுக்கு வெளிச்சத்துக்கு வந்தது பிறகுதான். நாட்கூலிக்காரனுக்கு ஈபிஎஃப் கிடையாது என்று சைட்டில் சத்தியம் செய்து சொல்கிற சுபவைசர்மார் இருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப் பிரிக்கவே இல்லை. நாட்கூலி, தற்காலிகம், துண்டு வேலை எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு: தொழில்தருநர் 12 சதவீதம், நாங்கள் 8 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் தனியாக 3 சதவீதம். எங்களில் சிலருக்கு மட்டும் ஈபிஎஃப் போட்டிருந்தார்கள். அதிலும் ஒரு சூத்திரம். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாய், நாளுக்கு 1,080 ஆனது. 2026 ஜனவரியில் 30,000, நாளுக்கு 1,200. அந்தக் காசுக்குக் கொழும்பில் கம்பி தூக்க ஒருவரும் வரமாட்டார் என்று கம்பனிக்குத் தெரியும். ஆனாலும் கணக்கில் அதையே அடிப்படைச் சம்பளம் என்று எழுதி, மிச்சத்தை ஊக்குவிப்புக் கொடுப்பனவு ஆக்கிவிடுவார்கள். நாளுக்கு 4,500 வாங்குகிறவர் மாதம் 25 நாள் வேலை செய்தால் 112,500. அதற்குக் கம்பனி போட வேண்டிய 12 சதவீதம் 13,500 ரூபாய். 2025இன் 27,000த்தை வைத்துப் பார்த்தால் 3,240. மாதா மாதம் ஒரு ஆளிடம் பத்தாயிரத்துக்கு மேல் சத்தமில்லாமல் போகிறது. வயது போய்க் காசை எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும்.

சப்பைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் எங்கள் பக்கத்து ஆள். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் நாங்கள். கம்பனி அவருடைய பழைய பில்லையே நிறுத்தி வைத்திருந்தது, ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை, வேலை முடியும்வரை பிடித்துவைக்கும் ரிட்டென்ஷன் என்று வேறு பிடித்துக்கொண்டது. 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்து சைட்டுகள் எல்லாம் நின்றபோது அவரைப் போன்ற சின்ன சப்மார் வாங்கிய கடனில் இருந்து இன்னும் எழும்பவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் மேலே இருந்து இறங்குகிற நட்டத்தை அவர் தன் தலையில் நிறுத்தவில்லை, எங்களுக்குக் கைமாற்றிவிட்டார். “நம்ம ஆளுங்கதானே, கொஞ்சம் பொறுங்க” என்பதை அவர் எங்களிடம் சொல்லலாம், கம்பனி அவரிடம் சொல்லலாம், நாங்கள் கடைக்காரரிடம் சொன்னால் செல்லாது.

எங்களைக் காப்பாற்றியது ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட எழுதுகிற கொப்பி. அந்தப் புண்ணியம் எங்களோடு வேலை செய்த ஒரு மேசன் பாஸுக்கு. குருநாகல் பக்கத்துச் சிங்களவர், ஐம்பதைத் தாண்டியவர், யாரோடும் அதிகம் பேசமாட்டார். முன்னொரு சைட்டில் காசைப் பறிகொடுத்தவர் என்பதால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கை கழுவியதும் எழுதுவார். அதைப் பார்த்து நான் எங்கள் கம்பி செட்டுக்குத் தமிழில் ஒன்று தொடங்கினேன். ஒரு வரி இப்படி இருக்கும்: “14ஆம் மாடி, சி-3 தூண், கம்பி. காலை 7 முதல் இரவு 8.30. சொன்னது சைட் எஞ்சினியர். அட்வான்ஸ் இல்லை.” சனிக்கிழமை எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள். கையெழுத்து வராத ஒரு கையாள் பெருவிரலை அப்படியே பக்கத்தில் அழுத்துவார். நாள் முழுக்கக் கம்பி தூக்கிய கையில் இருக்கும் துருவே போதும், மைப்பெட்டி தேவைப்படாது.

கொப்பி வைக்கிறவர்கள் பெரும்பாலும் நாளையும் காசையும் மட்டும் எழுதுவார்கள். வேலை சொன்னது யார் என்ற நிரல்தான் முக்கியம். கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் தொழில்தருநர் என்று சொல்வது கையில் காசு கொடுக்கிறவரை மட்டுமல்ல. யாருக்காக இன்னொருவர் ஆள் சேர்த்து வேலை வாங்குகிறாரோ அவரையும் சேர்த்துத்தான். எந்தத் தூணுக்கு எத்தனை எம்.எம். கம்பி என்று கம்பனி எஞ்சினியர் வந்து சொல்லி, கம்பனி சுபவைசர் சரி பார்த்து, கம்பனியின் கேட்டில் விரல் வைத்து உள்ளே போகிறவனை “சப்பின் ஆள்” என்று தள்ளிவிடுவது கஷ்டம். ஆனால் அதை எழுத்தில் காட்ட வேண்டும்.

காட்டக்கூடிய எழுத்து சைட்டிலேயே கிடக்கிறது. காலையில் சேஃப்டி ஒபிசர் நிறுத்திவைத்து ஐந்து நிமிடம் பேசுவாரே, டூல் பொக்ஸ் டோக், அந்தத் தாளில் எங்கள் பேரும் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் இருக்கும். தாளின் தலையில் கம்பனியின் பெயர். சலித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்களுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று அப்போது யார் கண்டது? முடிந்த நாளில் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட் பாஸ், வேலை சொல்கிற வட்ஸ்அப் குரூப், அட்வான்ஸ் வங்கியில் வந்திருந்தால் அந்த எஸ்.எம்.எஸ். எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஊரில் தங்கச்சிக்கோ தம்பிக்கோ அனுப்பிவிடுங்கள். சைட்டில் ஃபோன் தண்ணீரில் விழும், கீழே விழும், களவும் போகும்.

சங்கம் என்ற பேச்சு வந்ததற்குக் காரணம், தனியாகக் கேட்டவர்களுக்கு நடந்ததை நாங்கள் பார்த்தது. பொகவந்தலாவைப் பையன் ஒருவன் சைட் ஒபிஸ் வாசலில் நின்று சத்தம் போட்டான். அன்றைக்கே கையில் கொஞ்சம் காசு கொடுத்தார்கள். மறுநாள் அவனை கேட்டுக்குள் விடவில்லை. இப்படி ஒவ்வொருவராக முடித்துவிடுவது கம்பனிக்கு மலிவு.

தோட்டத்தில் சங்கம் நாம் பிறக்கும்போதே இருக்கும். சந்தா சம்பளத்திலேயே வெட்டுப்படும், தலைவர் வந்து பேசுவார், தேர்தல் வந்தால் வோட்டும் அங்கேதான். ஏழு பேர் சேர்ந்தால் நாமே ஒன்றைத் தொடங்கிப் பதியலாம் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தில் அந்த ஏழு இருக்கிறது. தொடங்கி மூன்று மாதத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சங்க வேலை செய்த கோ. நடேசய்யர், பிறகு மலைக்குப் போய் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கினார். நாங்கள் அதே றோட்டில் எதிர்ப்பக்கமாக இறங்கி வந்தவர்கள்.

கிராண்ட்பாஸில் எங்கள் அறையில் கூடினோம். சங்க வேலையில் பழுத்த ஒருவரைக் கூட்டிவந்திருந்தோம். அவர் சொன்ன யோசனை எங்களுக்கு மிகவும் உதவியது. புதிதாகப் பதிய ஓடாமல், ஏற்கெனவே பதிவான ஒரு சங்கத்தில் கிளையாகச் சேரச் சொன்னார். பதிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கடிதத்தலைப்பு இருக்கிறது, வழக்கு என்று வந்தால் ஆள் இருக்கிறது. குருநாகல் பாஸ் முதல் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஆட்கள் தயங்கிக்கொண்டிருந்த அறையில் அது பெரிய காரியம்.

கிளை அமைத்ததையும் நிலுவையையும் எழுதி, சங்கத்தின் பெயரில் கம்பனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. கையில் கொடுக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். தபால்தான் சரி. ரசீதில் திகதி இருக்கும். அந்தத் திகதிக்குப் பிறகு நடந்ததெல்லாம் எதனால் நடந்தது என்று நாங்கள் வாயால் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலையில் கேட்டில் விரல் வைத்தால் மெஷினில் சிவப்பு லைட். ஒருவருக்கு இல்லை, கடிதத்தில் பேர் இருந்தவர்களில் மூன்று பேருக்கு. செக்யூரிட்டி அண்ணன் பாவம், துணியால் மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். உள்ளே இருந்து ஒருவரும் வரவில்லை. வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்று ஒரு துண்டுத் தாளும் தரவில்லை. மெஷின்தான் நிறுத்தியது.

அன்றைக்கு அவர்கள் மூவரும் திரும்பிப் போகவில்லை, கேட்டுக்கு வெளியே மத்தியானம் வரை நின்றார்கள். வேலைக்கு வந்தோம், நீங்கள்தான் விடவில்லை என்பதற்கு அது சாட்சி. சிவப்பு லைட்டோடு மெஷினை வீடியோ எடுத்தோம். “வேலைக்கு வராமல் விட்டுவிட்டுப் போனார்கள்” என்று கம்பனி பிறகு எழுதப்போவது எங்களுக்குத் தெரிந்திருந்தது, எழுதவும் செய்தது.

அந்தக் கிழமையே வாடியில் தண்ணீர் நின்றது. பைப் உடைந்துவிட்டது என்றார்கள், பக்கத்து வாடிக்கு அதே பைப்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இன்னும் சிலரை நீர்கொழும்பு சைட்டுக்கு மாற்றினார்கள். நன்றாகப் பேசக்கூடிய ஒரு தம்பிக்கு சுபவைசர் வேலை தருவதாக ஆசை காட்டினார்கள். அவன் எடுத்துக்கொண்டான், வீட்டில் மூன்று தங்கச்சிகள், நான் குறை சொல்லமாட்டேன். சிங்கள மேசன்மாரைத் தனியாகக் கூப்பிட்டு, இது தமிழ் ஆட்களின் சங்கம், நாளைக்கு உங்களை மாட்டிவிட்டு இவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். எங்களிடம் வந்து, அவர்கள் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். இரண்டையும் சொன்னது ஒரே ஆள். குருநாகல் பாஸ் சாப்பாட்டு நேரத்தில் வந்து எங்களோடு உட்கார்ந்து தன்னிடம் சொன்னதை அப்படியே சொல்லாவிட்டால் நாங்கள் நம்பியிருப்போம். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: ஒபிஸில் யாரைத் தனியாகக் கூப்பிட்டாலும் இரண்டு பேராகப் போவது, திரும்பி வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்வது.

எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. சப் ஊருக்கு, எங்கள் அம்மாவுக்கு, ஃபோன் எடுத்தார். “மகன் கொழும்புல கலாட்டா பண்ணிக்கிட்டுத் திரியுறாரு, பொலிஸ் கேஸ் ஆகப்போகுது, சொல்லி வைங்க.” அம்மா இரவெல்லாம் அழுதுவிட்டு விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டார். சம்பளம் வேண்டாம் சாமி, வீட்டுக்கு வந்துரு என்றார். கூடச் சேர்ந்தவர்கள் வீடுகளுக்கும் இதே ஃபோன் போயிருந்தது. மெஷினுக்குப் பயப்படாதவர்கள் சிலர் இதற்குப் பிறகுதான் விலகினார்கள். சங்கத்தில் சேரும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். யார் ஃபோன் எடுப்பார்கள், என்ன சொல்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்த ஃபோனின் விஷம் பாதி இறங்கிவிடும்.

பொலிஸ் கேஸும் வெறும் மிரட்டலாக நிற்கவில்லை. சைட்டில் கம்பித் துண்டுகள் களவு போய்விட்டதென்று இரண்டு பேர் மேல் முறைப்பாடு. பொலிஸுக்குத் தனியாகப் போகாமல் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடமாட்டோம் என்று பணிவாகத்தான் சொன்னோம், கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு ஒரு தமிழ் உத்தியோகத்தரைக் கூப்பிட்டார்கள். சைட்டில் இருந்து ஒரு துண்டுக் கம்பி வெளியே போக வேண்டுமென்றாலும் கேட்டில் பாஸ் எழுத வேண்டும், லொறி நம்பர் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டோம். புத்தகம் வரவில்லை, முறைப்பாடும் அதோடு ஓய்ந்தது. மிரட்டல் பற்றி எங்கள் பக்கமும் ஒரு முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

நாரஹேன்பிட்டி மெஹெவர பியசவில் தொழில் திணைக்களம் இருக்கிறது. பெரிய கட்டடம், லிப்டுக்கு வரிசை, எந்த மாடி என்று கேட்டுக்கொண்டு போனால் நல்லது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். சிங்களத்தில் கொண்டுவந்தால் சீக்கிரம் முடியும் என்று கவுண்டரில் ஒருவர் சொன்னார், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரசகரும மொழி. அடுத்தவர் மொழிபெயர்த்து எழுதித்தரும் முறைப்பாட்டில் தொகை மாறும், திகதி மாறும். நம் கதையை நம் மொழியில் கொடுத்துவிட்டு, மொழிபெயர்ப்பு அவர்கள் பாடு என்று விடுவதே பாதுகாப்பு.

விசாரணைக்குக் கம்பனியில் இருந்து ஒரு எச்.ஆர். ஆளும் ஒரு வக்கீலும் வந்தார்கள். சப் வரவில்லை. இவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, இவர்களோடு எங்களுக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது என்று வக்கீல் முடித்துவிட்டார். தொழில் உத்தியோகத்தர் ஒரு பெண். அவர் வக்கீலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, “காலையில் உங்களுக்கு வேலை சொன்னது யார்?” என்று கேட்டார். கொப்பியைத் திறந்து வைத்தேன். டூல் பொக்ஸ் தாளின் படங்களைக் காட்டினேன்.

அதைவிடப் பெரிய உதவியைக் கம்பனியே செய்திருந்தது. சங்கத்தைக் கம்பனி கட்டாயம் ஏற்றுப் பேச வேண்டுமென்றால் ஊழியர்களில் 40 சதவீதம் பேர் அதில் இருக்க வேண்டும் என்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம். எங்களிடம் 40 சதவீதம் இல்லை என்று நிரூபிக்க, சைட்டில் நிற்கும் எல்லா சப்மாரின் ஆட்களையும் கூட்டி, இத்தனை ஊழியர்களில் நீங்கள் இத்தனை பேர்தான் என்று சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். சம்பளம் கேட்டபோது நாங்கள் ஒருவரும் அவர்கள் ஆள் இல்லை. தலை எண்ணும்போது எல்லோரும் அவர்கள் ஆள். கம்பனித் தலைப்பில், கையொப்பத்தோடு. அந்தக் கடிதத்தை மேசையில் வைத்ததும் வக்கீல் அடுத்த தவணை கேட்டார். கம்பனி எதைச் சொன்னாலும், மறுத்தாலும்கூட, அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பழிவாங்கல் பற்றிய முறைப்பாடு அவ்வளவு தூரம் போகவில்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 32ஏ பிரிவில் குற்றம். ஆனால் அதற்கு நாங்களோ சங்கமோ நேரே வழக்குப் போட முடியாது, தொழில் ஆணையாளர் நாயகம்தான் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 2011இல் தண்டப்பணத்தை ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். எங்கள் பாஸ் ஒருவரின் ஒரு மாதச் சம்பளம் அதைவிட அதிகம். அதற்குப் பயந்து எந்தக் கம்பனி விரல் மெஷினைத் திறந்துவிடும்? எங்கள் முறைப்பாடு நீதிமன்றத்தைக் காணவில்லை. ஆனாலும் போடுங்கள். கோப்பில் அது இருந்தால் மற்ற விசாரணைகளில் கம்பனி ‘தானாக விட்டுப்போனார்கள்’ என்று பேச யோசிக்கும்.

வேலைநீக்கத்துக்குத் தனிக் கதவு தொழில் நியாய சபை. நிறுத்திய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். சம்பள விசாரணை நடக்கிறதே, அது முடியட்டும் என்று இருந்து ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடிதம் தராவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கு வராதே என்பதும் வேலைநீக்கம்தான், மெஷின் மூடியதும் அப்படித்தான். சங்கத்தில் வக்கீல் இல்லாவிட்டால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பார்ப்பார்கள்.

கம்பனி இறங்கி வந்தபோது ஒரு தாளையும் கொண்டுவந்தது. எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இங்கிலீஷில். கையில் பணக்கட்டு, பக்கத்தில் தாள். தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சிலர் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கி அன்றிரவே பஸ்தியன் மாவத்தையில் ஹட்டன் பஸ் ஏறினார்கள். நிலுவையில் பாதிக்கும் குறைவு அது. மற்றவர்கள், பணத்தைத் தொழில் திணைக்களத்தில் வைத்துத் தந்தால் வாங்குகிறோம் என்றோம். அங்கே கொடுத்த ரசீதில் கையெழுத்துக்கு மேல், “சம்பள நிலுவையில் ஒரு பகுதி மட்டும் பெற்றேன், சேமலாப நிதி, ஓவர்டைம் கோரிக்கைகளை விட்டுக்கொடுக்கவில்லை” என்று அவரவர் கையால் எழுதினோம். எழுத வராதவர்களுக்கு நான் எழுதி, வாசித்துக் காட்டி, அவர்கள் விரல் வைத்தார்கள்.

நாட்கூலி நிலுவை தவணை தவணையாக வந்து முடிந்தது. ஈபிஎஃப் முதல் நாளில் இருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்து, இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓவர்டைம் கிடைக்கவில்லை, இரவு ஊற்றிய ஸ்லாப்புகளுக்கு மணிக்கணக்கு எழுதியிருந்தது எங்கள் கொப்பியிலும் குருநாகல் பாஸின் கொப்பியிலும் மட்டும்தான், கம்பனி தன் பதிவேட்டைக் காட்டவே இல்லை. நிறுத்தப்பட்ட மூவரும் அந்த சைட்டுக்குத் திரும்பவில்லை. அவர்கள் வழக்கு நியாய சபையில் இருக்கிறது, தவணைக்குத் தவணை போய் வருகிறார்கள், அந்த நாட்களின் கூலியைச் சங்கச் சந்தாவில் இருந்து கொடுக்கிறோம். கட்டடம் முடிந்துவிட்டது. மேல் மாடிகளில் ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள்.

சப் இப்போது வத்தளைப் பக்கம் சின்ன வீடுகள் எடுத்துக் கட்டுகிறார். போன மாதம் எனக்கு ஃபோன் எடுத்து, கம்பிக்கு நாலு ஆள் வேண்டும், நாளுக்கு ஐயாயிரம் தருகிறேன் என்றார். கிழமைக்குக் கிழமை கணக்கு முடித்து, கொப்பியில் நீங்களும் கையெழுத்து வைப்பதென்றால் வருகிறோம் அண்ணே என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.